பிராங்க்ஃபர்ட்டில் பழகியது பாரிஸில் செல்லாது: நான்கு பக்கத்து நாடுகளில் புது ஆளை எப்படி நடத்துவார்கள்?

கேள்வி: கரூரில் பெட்ஷீட், கிச்சன் டவல், மேஜை விரிப்பு ஏற்றுமதி செய்கிறோம். ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டு ஜவுளிக் கண்காட்சி முடிந்ததும் நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் போய் பையர்களை (சரக்கு வாங்குகிறவர்களை) நேரில் பார்க்கத் திட்டம். எல்லாம் பக்கத்துப் பக்கத்து நாடுகள்தானே, ஒரே மாதிரி நடந்துகொண்டால் போதுமா? முன்பின் தெரியாதவர்களிடம் அங்கே எப்படிப் பழகுவார்கள்?

பதில்:

போதாதுங்க. தூரத்தைப் பார்த்தால் ஒரே ஊர் மாதிரிதான் தெரியும். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் சுமார் இரண்டு மணி நேரம். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஆம்ஸ்டர்டாமோ பாரிஸோ ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனால் வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு, சாப்பாடு, கல்யாணம் பேசுகிற தோரணை எல்லாம் மாறுகிறதல்லவா? அங்கேயும் அதே கதைதான்.

நம் பக்கத்தில் புது ஆள் வாசலில் நின்றால், "வாங்க, உக்காருங்க" என்று சொல்லி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் "எந்த ஊருங்க, யாரைப் பாக்கோணும்?" என்று கேட்போம். உபசாரம் முந்தி, விசாரணை பிந்தி. அந்த நான்கு நாடுகளிலும் இந்த வரிசை கிடையாது. ஒவ்வொரு நாட்டுக்காரரும் புது ஆளை ஒவ்வொரு இடத்தில் எடைபோடுகிறார். பிரெஞ்சுக்காரர் முதல் வணக்கத்தில் போடுகிறார். ஜெர்மானியர் நேரத்தையும் ஒழுங்கையும் பார்க்கிறார். நெதர்லாந்துக்காரருக்கு நீங்கள் சுற்றி வளைக்காமல் பேசுகிறீர்களா என்பது முக்கியம். பெல்ஜியத்தில் எந்த மொழியில் வாய் திறந்தீர்கள் என்பதே பாதி விஷயம். அந்த இடம் தெரிந்து நடந்தால் நான்கு பேருமே நல்லபடியாகத்தான் பழகுவார்கள்.

இதெல்லாம் பொதுவான போக்கு மட்டுமே. ஜெர்மனிக்குள்ளேயே கொலோன் பக்கத்து ஆட்கள் ரயிலில் பேச்சுக் கொடுப்பார்கள், ஹாம்பர்க் ஆட்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். பிரான்ஸின் வடகோடியில் லீல், ரூபே பக்கத்து மக்களுக்குப் பாரிஸ்காரர்களைவிட நல்ல பெயர். ரூபே பழைய ஜவுளி ஊர் என்பதால் உங்களுக்கு அங்கே வேலையும் இருக்கலாம்.

முதலில் பெயர் விஷயத்தை முடித்துவிடுவோம். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் புது ஆளைக் குடும்பப்பெயரால்தான் அழைப்பார்கள். அதனால் சந்திப்பு முழுக்க உங்களை "மிஸ்டர் பழனிசாமி" என்று உங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். திடுக்கிட வேண்டாம். விசிட்டிங் கார்டிலும் மெயிலின் அடியிலும் எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள். நெதர்லாந்தில் சிக்கலே இல்லை, முதல் ஐந்து நிமிடத்தில் உங்கள் சொந்தப் பெயருக்கு வந்துவிடுவார்கள். இன்னொன்று: பையர் வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "டியர் சார்" என்று கண்ணை மூடிக்கொண்டு மெயில் அனுப்பும் பழக்கத்தை கரூரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஜெர்மனியிலிருந்து ஆரம்பிப்போம். தெருவில் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். கூர்ந்து பார்ப்பார்கள், அதில் பகை எதுவும் இல்லை. அதே ஆள் லிஃப்டுக்குள் வரும்போதோ, டாக்டரிடம் காத்திருக்கும் அறையில் நுழையும்போதோ எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்வார். நீங்களும் "குட்டன் டாக்" என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் பேச்சை இழுக்க வேண்டியதில்லை. கூட்டமான சாதாரண உணவகத்தில் ஆள் இருக்கும் மேஜையில் காலி நாற்காலி இருந்தால், கேட்டுவிட்டு உட்காரலாம். உட்கார்ந்த பிறகு அவர் தட்டு அவருக்கு, உங்கள் தட்டு உங்களுக்கு.

நம்மவர்களை அதிகம் காயப்படுத்துவது வேறொன்று. ஜெர்மனியில் முன்பின் தெரியாதவர் உங்களைத் திருத்துவார். சாலையில் வண்டியே இல்லை என்று சிவப்பு விளக்கில் கடந்தால், அதுவும் பக்கத்தில் குழந்தைகள் நின்றால், யாராவது ஒருவர் சத்தமாகச் சொல்வார். சைக்கிள் பாதையில் நடந்தால் மணியடிப்பதோடு விடமாட்டார்கள். இதை நிறவெறி என்று எடுத்துக்கொண்டு மனம் குமைகிறவர்கள் உண்டு. பெரும்பாலான நேரம் அது ஊர்க்காரருக்கும் விழுகிற அதே திட்டுதான். பொது ஒழுங்கு எல்லோருடைய பொறுப்பு என்று நினைக்கிற ஊர் அது. "சாரி" என்று ஒதுங்கிவிட்டால் அந்த நொடியோடு முடிந்துவிடும்.

சந்திப்பு பத்து மணிக்கு என்றால் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வரவேற்பறையில் இருங்கள். ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்தால் அதுவும் தொந்தரவு. தாமதமாகும் என்று தெரிந்ததும், ஐந்து நிமிடமானாலும், போன் செய்துவிடுங்கள். 'டாக்டர்' பட்டம் கார்டில் இருந்தால் அதைச் சேர்த்தே அழையுங்கள். முதல் பெயருக்கு மாறுவதை அவர்கள், அதிலும் மூத்தவர், ஆரம்பிக்க விடுங்கள். குசலம் இரண்டு நிமிடம், பிறகு நேராகச் சாம்பிள். துவைத்த பிறகு சாயம் எவ்வளவு நிற்கிறது, சுருக்கம் எத்தனை சதவீதம், ஓகோ-டெக்ஸ் சான்றிதழ் (துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்கானது) எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்பார்கள். "எல்லாம் நல்லா இருக்குங்க" என்பது அங்கே பதிலே கிடையாது. டெஸ்ட் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தால்தான் பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகரும்.

நெதர்லாந்தில் அறைக்குள் நுழைந்ததும் அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். ஆறு பேர் இருந்தால் ஆறு பேருக்கும், காபி ஊற்றிக்கொண்டிருப்பவருக்கும் சேர்த்து. காபி ஊற்றுகிறவரே முதலாளியாக இருப்பதும் உண்டு. நம் வழக்கப்படி பெரியவர் யார் என்று கண்டுபிடித்து அவரைப் பார்த்து மட்டுமே பேசினால், மற்ற ஐந்து பேரையும் மதிக்கவில்லை என்று ஆகிவிடும். நேற்று சேர்ந்த பெண் முதலாளி முன்னாலேயே "எனக்கு இந்த டிசைன் பிடிக்கவில்லை" என்பார், முதலாளி தலையாட்டுவார். ஆர்டரின் தலையெழுத்து பல நேரம் அந்தப் பெண்ணின் கையில்தான் இருக்கும்.

"உங்க விலை அதிகம்", "போன வருஷத்து கலரையே திரும்பக் கொண்டுவந்திருக்கீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். சண்டைக்கு இழுப்பதாக நினைக்கத் தேவையில்லை, வேலை பேசுகிற முறையே அப்படித்தான். "நூல் விலை ஏறிருச்சுங்க" என்று பொதுவாக மழுப்பாமல், நூலுக்கு எவ்வளவு, நெசவுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு என்று காஸ்டிங்கைப் பிரித்துக் காட்டுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள், மதிப்புக் கூடும். பெருமை பேசுவதும் காசை வெளிக்காட்டுவதும் மட்டும் அங்கே எடுபடாது. "எங்ககிட்ட ஐந்நூறு தறி ஓடுது" என்று மூன்று தரம் சொன்னால் முகம் சுருங்கும்.

இப்போது மதியச் சாப்பாட்டுக்கு வருவோம். இந்தப் பயணத்தில் அதிகமாகத் தப்புக் கணக்குப் போடுகிற இடம் இதுதான்.

நெதர்லாந்தில் மதியம் பன்னிரண்டரை மணிக்கு, மீட்டிங் மேஜைக்கே ஒரு தட்டில் ரொட்டித் துண்டுகள், சீஸ், ஒரு ஜாடிப் பால் அல்லது மோர் வரும். சூடாக எதுவும் இருக்காது. அரை மணி நேரத்தில் தட்டு திரும்பிப் போய்விடும், பேச்சு விட்ட இடத்தில் தொடரும். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போனவருக்குக் காய்ந்த ரொட்டியா என்று நெஞ்சு வலிக்கும். நம் ஊரில் பையர் வந்தால் இலை போட்டு, இனிப்பு வைத்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாக இன்னொரு கரண்டி பரிமாறுகிறோம். ஆனால் அந்த முதலாளியும் தினமும் அதே ரொட்டியைத்தான் தின்கிறார். தான் சாப்பிடுவதை உங்களோடு சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் பிரான்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரச் சாப்பாடு. முதலில் ஒரு சிறு தட்டு, பிறகு பெரிய தட்டு, பிறகு சீஸ், இனிப்பு, காபி. பையர் உங்கள் ஊர், கோயில், குழந்தைகளின் படிப்பு எல்லாம் கேட்பார். நம்மவர் வெளியே வந்ததும் ஊருக்கு போன் போட்டு "ஆர்டர் கன்ஃபார்ம்" என்று சொல்லிவிடுவார். ஆகியிருக்காது. அங்கே நல்ல சாப்பாடு என்பது வேலை நாளின் சாதாரணப் பகுதி. ரொட்டி போட்ட ஆம்ஸ்டர்டாம்காரர் ஆர்டர் கொடுப்பதும், விருந்து வைத்த பாரிஸ்காரர் கொடுக்காமல் போவதும் சகஜம். இலையைப் பார்த்து ஆர்டரைக் கணிக்கிற பழக்கம் நம்முடையது, அவர்களுடையது இல்லை.

பிரெஞ்சு மேஜையில் சில விதிகள்: இனிப்போ காபியோ வரும்வரை விலை பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள், அவர் எடுத்தால் சரி. இரண்டு கை மணிக்கட்டும் மேஜைமேல் தெரியட்டும், மடியில் ஒளிக்க வேண்டாம். பரிமாறுகிறவரைச் சொடுக்குப் போட்டோ, "ஹலோ" என்றோ கூப்பிடாதீர்கள். கண்ணால் பார்த்து "மொஸ்யே" அல்லது "மதாம்" என்று சொன்னால் வருவார். பில்லில் சர்வீஸ் சேர்ந்தே இருக்கும்.

பிரான்ஸில் புது ஆளை எடைபோடும் இடம் முதல் வணக்கம் என்று சொன்னேனல்லவா. அந்த வணக்கம்தான் "போன்ஜூர்". கடைக்குள், பேக்கரிக்குள், ஓட்டல் கவுன்டரில், பஸ்ஸில் ஏறும்போது டிரைவரிடம், எதைக் கேட்பதற்கும் முன்னால் அந்த ஒரு சொல். "எக்ஸ்கியூஸ் மி, டாய்லெட் எங்கே?" என்று நேராக ஆரம்பித்தால் உங்களை மரியாதை தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு கிடைக்கும் பதில் வெடுக்கென்றுதான் இருக்கும். "பாரிஸ்காரன் திமிர் பிடிச்சவன்" என்று திரும்பி வந்து சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சொல்லை விழுங்கியவர்கள் என்பது என் கணிப்பு. "போன்ஜூர் மதாம்" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, அவர் திருப்பிச் சொன்ன பிறகு ஆங்கிலத்தில் கேளுங்கள். வெளியே வரும்போது "மெர்சி, ஓ ருவார்" (நன்றி, போய் வருகிறேன்). உச்சரிப்பு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

வியாபாரப் பேச்சில் பிரெஞ்சுக்காரர் எடுத்ததும் "முடியாது" என்பார். அது பெரும்பாலும் வாதத்தின் ஆரம்பம். ஏன் என்று கேட்டு, காரணத்தோடு மறுத்துப் பேசினால் அவருக்குப் பிடிக்கும். துணியைக் கையில் எடுத்து மடித்துத் தடவிப் பார்ப்பார், நிறம் எங்கிருந்து வந்தது என்பார். ஜெர்மானியருக்கு எடுத்த ரிப்போர்ட் கட்டை இங்கே முதலில் நீட்ட வேண்டாம். கடைசி முடிவு மேலிடத்தில் இருக்கும். எதிரில் இருப்பவர் எவ்வளவு தலையாட்டினாலும், யார் கையெழுத்துப் போடுவார் என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

பெல்ஜியத்துக்குச் சுருக்கமாக: வடக்கே ஃபிளாண்டர்ஸில் டச்சு (நெதர்லாந்துக்காரர் பேசும் அதே மொழி), தெற்கே வலோனியாவில் பிரெஞ்சு, பிரஸ்ஸல்ஸில் இரண்டும், கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் ஜெர்மன். இந்த மொழி எல்லையை 1962, 1963 சட்டங்களில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், பின்னால் சண்டைகள் நிறைய. ஜவுளிக்காரர்கள் அதிகம் இருப்பது கோர்ட்ரைக் சுற்றுவட்டாரம், அது ஃபிளாண்டர்ஸ். பாரிஸில் பழகின "போன்ஜூர்" சூடு ஆறாமல் அங்கே போய்ப் பிரெஞ்சில் ஆரம்பித்தால் வெளியே சிரிப்பார், உள்ளே குளிரும். நேராக ஆங்கிலம் பேசுங்கள், நன்றாகவே பதில் வரும். ரயில் நிலையப் பலகைகளும் மொழியோடு மாறும். ஃபிளாண்டர்ஸில் லீல் நகரம் 'ரைசல்', மோன்ஸ் 'பெர்கன்', லியேஜ் 'லுய்க்' என்று இருக்கும். இது தெரியாமல் ரயிலை விட்டவர்கள் ஏராளம்.

நம் குணத்துக்கு ரொம்ப ஒத்துப்போவது ஃபிளாண்டர்ஸ் ஆட்கள்தான் என்று எனக்குத் தோன்றும். முகத்துக்கு நேராக மறுக்கத் தயங்குவார்கள். "பார்த்துட்டுச் சொல்றோம்" என்பது அங்கேயும் நம் "பாக்கலாங்க" மாதிரி, பல நேரம் மறுப்புதான். நெதர்லாந்தில் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம், இவர்களிடம் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரத்தில் மென்மையாக ஒரு மெயில் போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "நீங்களும் டச்சுக்காரங்களும் ஒண்ணுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இனி நம் பக்கத்துக் கோளாறு. "செஞ்சரலாங்க". இந்த ஒரு வார்த்தையால் போன ஆர்டர்கள் கொங்கு நாட்டில் நிறைய. நமக்குள் இதன் பொருள் "முயற்சி பண்றேன், உங்க மனசு நோகக் கூடாது" என்பதுதான். அங்கே இது வாக்குறுதி. ஜெர்மானியர் அதைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதி அன்று மாலையே மெயிலில் அனுப்பிவிடுவார். நீங்கள் மறுத்து எழுதவில்லை என்றால் ஒப்பந்தம் மாதிரிதான். அதனால் லேப் டிப்புக்கு (சாயம் போட்ட நிற மாதிரிக்கு) எத்தனை நாள், சாம்பிளுக்கு எத்தனை நாள், புரொடக்‌ஷனுக்கு எத்தனை நாள் என்று தறி, சாயப்பட்டறை, தீபாவளி, பொங்கல் லீவு எல்லாம் சேர்த்துக் கூட்டி ஊரிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கேட்டால் அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிற நம் சம்மதத்தை யாரும் சம்மதமாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள், வாயால் "யெஸ்" வேண்டும்.

தாமதமானால் என்ன செய்வது என்பதிலும் நாடுகளுக்குள் வித்தியாசம் உண்டு, ஆனால் ஒரு விஷயம் பொது. தாமதத்தைவிடத் தாமதமாகச் சொல்வதுதான் பெரிய குற்றம். சாயப்பட்டறையில் ஒரு லாட் நிறம் தப்பிவிட்டது என்று திங்கட்கிழமை தெரிந்தால் திங்கட்கிழமையே எழுதுங்கள்: என்ன ஆனது, புதுத் தேதி எது, எத்தனை பீஸ் முதலில் அனுப்ப முடியும். பத்து நாள் வாய் மூடியிருந்துவிட்டு "ஸ்லைட் டிலே" என்று எழுதினால், விமானத்தில் அனுப்பு அல்லது விலையைக் குறை என்பதுதான் பதிலாக வரும்.

எண்களில் வரும் குழப்பம் சின்னதாகத் தெரியும், காசைத் தின்றுவிடும். ஜெர்மனிலும் டச்சிலும் 25 என்பதை 'ஐந்தும் இருபதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும்போது அந்த வழக்கம் புகுந்து 52 ஆவது உண்டு. விலையைக் காதால் மட்டும் கேட்காமல் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். 2,50 என்றால் இரண்டரை யூரோ. 1.000 என்றால் ஆயிரம். நெதர்லாந்துக்காரரோ ஜெர்மானியரோ ஆங்கிலத்தில் "ஹாஃப் த்ரீ" என்றால் இரண்டரையைச் சொல்கிறாரா, மூன்றரையைச் சொல்கிறாரா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அவர்கள் மொழி வழக்கில் அது இரண்டரை, பிரிட்டிஷ்காரர் வழக்கில் மூன்றரை. ஷிப்மென்ட்டை மாதத் தேதியில் சொல்லாமல் "14-வது வாரம்" என்று சொல்வார்கள். திங்கட்கிழமை தொடங்கும் வாரம் அது, ஜனவரி 4 எந்த வாரத்தில் விழுகிறதோ அதுவே முதல் வாரம். போன் காலண்டரில் வார எண் காட்டும் வசதியை இப்போதே போட்டுவிடுங்கள். பிரான்ஸில் ஆகஸ்ட் மாதம் ஆபீஸ் பாதி காலி, அந்த மாதத்தில் எந்த அப்ரூவலையும் நம்பித் தேதி கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு அழைத்தால் அது பெரிய விஷயம், தட்டாதீர்கள். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் சொன்ன நேரத்துக்குச் சரியாக. பிரான்ஸில் இரவு எட்டு மணி என்றால் எட்டே காலுக்கு மணி அடிப்பதுதான் மரியாதை, முன்னால் போனால் அவர்கள் இன்னும் அடுப்படியில் இருப்பார்கள். நெதர்லாந்தில் இரவுச் சாப்பாடு ஆறு மணி வாக்கிலேயே. காபிக்கு மட்டும் அழைத்திருந்தால் அந்த நேரத்துக்கு முன் கிளம்பிவிட வேண்டும், நம் ஊர் மாதிரி "இருந்து சாப்டுட்டுப் போங்க" வராது. காபியோடு ஒரு பிஸ்கட் டப்பா நீட்டுவார்கள். ஒன்று எடுத்ததும் மூடி விழும். அதுதான் பழைய வழக்கம், இளவட்டங்கள் கொஞ்சம் தாராளம்.

எங்கேயும் முதல் முறை கேட்கும்போதே பதில் சொல்லிவிடுங்கள். நாம் மரியாதைக்கு "வேண்டாங்க" என்போம், மூன்றாம் தடவை வற்புறுத்தும்போது தட்டை நீட்டுவோம். அங்கே இரண்டாம் தடவை கேள்வியே வராது, பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். பசியோடு ஓட்டலுக்குத் திரும்பி அவல் மிக்சர் தேடுவது இதனால்தான். மது வேண்டாம் என்றால் ஒரு முறை சொன்னால் போதும், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஜெர்மனியில் கிளாஸ் தட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், ஆப்பிள் ஜூஸ் கிளாஸானாலும்.

மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம், அல்லது சைவம் என்பதை அழைப்பை ஏற்கும்போதே எழுதிவிடுங்கள். பிரான்ஸில் "வெஜிடேரியன்" என்றால் மீன் வந்து நிற்கலாம், சாலட்டில் பன்றிக்கறித் துணுக்குகள் தூவியிருக்கலாம். "கறி, கோழி, மீன் எதுவும் இல்லாமல்" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே சுரினாம்காரர்களின் ரொட்டிக் கடைகள் உண்டு, 1873 முதல் 1916 வரை கல்கத்தாவிலிருந்து கூலிக்குக் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள் நடத்துவது. பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் லா ஷாப்பேல் பகுதி முழுக்க ஈழத்தமிழர் கடைகள், தோசைக்குத் திண்டாட வேண்டியதில்லை.

பரிசு: பூங்கொத்து என்றால் ஒற்றைப்படை எண்ணிக்கை, சிவப்பு ரோஜா வேண்டாம் (அது காதலுக்கு), சாமந்தி வகைப் பூக்கள் வேண்டாம். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் நவம்பர் 1 அன்று கல்லறைக்கு வைப்பது அந்தப் பூதான். ஊரிலிருந்து கொண்டுபோவதானால் பவானி ஜமக்காளத்தில் சின்ன அளவு ஒன்று நன்றாக இருக்கும். விலையுயர்ந்தது எதுவும் பையருக்குக் கொடுக்காதீர்கள், கம்பெனி விதி காரணமாகத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் இருவருக்கும் சங்கடம். பால்கோவா, நெய், கறிவேப்பிலை பெட்டியில் வைக்காதீர்கள். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கையோடு கொண்டுபோகத் தடை, இலை தழைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். நெதர்லாந்தில் பரிசை உங்கள் முன்னாலேயே பிரிப்பார்கள், அது பேராசை அல்ல.

வெளியே சாப்பிட்டால் அழைத்தவர் கொடுப்பதுதான் பொது வழக்கம். நண்பர்களாகப் போனால் நெதர்லாந்தில் பைசா சுத்தமாகப் பிரித்து, போனில் 'டிக்கி' என்ற ஆப் வழியாகப் பங்கு கேட்டு லிங்க் வரும். பில்லுக்குக் கைகலப்பு நடத்துவது அங்கே வேடிக்கையாகத் தெரியும். ஜெர்மனியில் சின்னக் கடைகளில் கார்டு செல்லாமல் போகலாம், ஐம்பது நூறு யூரோ ரொக்கம் வைத்திருங்கள். எல்லை தாண்டி நெதர்லாந்து போனால் தலைகீழ், ரொக்கமே வாங்காத கடைகள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் அடைப்பு.

ரயிலில் ஊருக்கு வீடியோ கால் போட்டு ஸ்பீக்கரில் பேசுவதை நிறுத்திக்கொண்டாலே பாதிச் சங்கடம் தீரும். அமைதிப் பெட்டி என்று தனியாகவே உண்டு, ஜன்னலில் குறி இருக்கும். நான்கு நாட்டுக் குணத்தையும் அந்த ஒரு போன் காலில் பார்த்துவிடலாம். ஜெர்மானியர் விதியைச் சுட்டிக்காட்டுவார். நெதர்லாந்துக்காரர் "சத்தமா இருக்கு, நிறுத்துங்க" என்பார். பிரெஞ்சுக்காரர் பெருமூச்சு விட்டுப் புருவத்தை உயர்த்துவார். பெல்ஜியக்காரர் சத்தமில்லாமல் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவார்.

பாஸ்போர்ட்டை ஓட்டல் லாக்கரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஷெங்கன் விசாவில் எல்லை இல்லை என்றாலும் பிரான்ஸ் 2015 முதலும், ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் 2024 செப்டம்பர் முதலும், நெதர்லாந்து 2024 டிசம்பர் முதலும் சோதனையை மறுபடி கொண்டுவந்திருக்கின்றன. ரயிலில் போலீஸ் ஏறி, நிறம் பார்த்து உங்களிடம் மட்டும் கேட்பதும் நடக்கும். பாஸ்போர்ட், ஓட்டல் புக்கிங், பையரின் அழைப்புக் கடிதம் ஒரே உறையில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. அதே நேரம், எல்லாவற்றையும் கலாச்சார வித்தியாசம் என்று பூசி மெழுகவும் வேண்டாம். கையில் புக்கிங் இருந்தும் அறை இல்லை என்பது, தகாத வார்த்தை சொல்வது எல்லாம் எந்த நாட்டிலும் வழக்கம் இல்லை. பேரைக் குறித்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. இதே பையர்கள் கரூருக்கு வருவார்கள். மாலை, சால்வை எல்லாம் போடலாம், இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். வரவேற்க மாமா, மச்சான், பங்காளி என்று பன்னிரண்டு பேர் நிற்க வேண்டாம். அன்றைய நிகழ்ச்சியை நேரத்தோடு அச்சடித்துக் கையில் கொடுங்கள். ஜெர்மானியர் சாயத் தண்ணீர் எங்கே போகிறது, அவசர வழி பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். அமராவதி ஆற்றைப் பற்றிக் கேட்டால் சுத்திகரிப்பு நிலையத்தின் கணக்கைக் காட்டுங்கள், பேச்சை மாற்றாதீர்கள். நெதர்லாந்துக்காரர் மேனேஜரை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் இருப்பவரிடம் நேராகக் கேட்பார், குறுக்கே பதில் சொல்லக் கூடாது. சாப்பாட்டில் "போதும்" என்றால் கரண்டியைத் திருப்பி எடுத்துவிடுங்கள். மீறி வைத்ததை அவர் மிச்சம் வைத்தால் நமக்கு வருத்தம், கஷ்டப்பட்டுத் தின்றால் அவருக்கு வயிறு. மாலை ஏழு மணிக்கு மேல் ஓட்டலில் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். தனியாக விட்டால் வருத்தப்படுவாரோ என்று நினைக்க வேண்டாம், பிரெஞ்சுக்காரர் ஒருவரைத் தவிர. அவருக்கு இரவுச் சாப்பாட்டுக்குத் துணை வேண்டும், எட்டு மணிக்கு மேல்.